கொக்தோவின் கையொப்பமிட்ட லித்தோகிராஃப்: வாங்கும் முன் தாளைப் படிப்பது எப்படி?

"ழான் கொக்தோ, லித்தோகிராஃப், பென்சிலில் கையொப்பமும் எண்ணும், ஆர்ஷ் தாள், சட்டத்துடன்." பிரெஞ்சு ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். சேகரிப்புக்குப் புதிதாக வருபவருக்கு இதில் குழப்பமே இல்லை என்று தோன்றும். பிரெஞ்சுக் கவிஞர் கொக்தோவின் பெயர் இருக்கிறது, அச்சு முறை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. விலையும் பிக்காசோ, மத்தீஸ் ஆகியோரின் கையொப்பமிட்ட அச்சுகளைவிட மிகவும் குறைவு. அதனால்தான் பிரெஞ்சு நவீனக் கலையில் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களில் பலர் கொக்தோவிடம் வந்து நிற்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று பொருள் உண்டு. "லித்தோகிராஃப்" (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) என்பது அவர் கைப்பட வரைந்த கல்லிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எடுத்த ஒளிப்பட நகலாகவும் இருக்கலாம். "கையொப்பம்" என்பதும் அப்படியே. பெரும்பாலோர் கையொப்பத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். இங்கே நான் சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறு. முதலில் தாளும் அச்சும், அடுத்து அது எந்தப் பதிப்பு என்ற கேள்வி, கையொப்பம் அதற்கும் பிறகுதான்.

முதல் படி: ஆளையும் ஆண்டுகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

கொக்தோ 1889 ஜூலை 5 அன்று பாரிஸை அடுத்த மெசோன்-லாஃபீத்தில் பிறந்தார். 1963 அக்டோபர் 11 அன்று மியி-லா-ஃபொரே என்ற சிற்றூரில் தம் வீட்டில் இறந்தார். இந்த இறந்த தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவர் பெயரில் சந்தைக்கு வரும் அச்சுகளில் கணிசமானவை இந்தத் தேதிக்குப் பிறகு அச்சானவை. அவற்றில் அவருடைய பென்சில் கையொப்பம் இருக்க வழியே இல்லை. விற்பவர் "1965", "1968" என்று ஆண்டு போட்டுவிட்டு அதே மூச்சில் "கையொப்பத்துடன்" என்று எழுதியிருந்தால், அது யாருடைய கையொப்பம் என்பதுதான் முதல் கேள்வி.

உலகம் அவரை நாடகாசிரியராகவும் திரைப்பட இயக்குநராகவும் அதிகம் அறியும். கிரேக்கப் புராணக் கவிஞன் ஓர்ஃபேயைப் பற்றிய நாடகம் 1926இல் வந்தது. ஒரே ஒரு பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் 'மனிதக் குரல்' 1930இல், ஈடிபஸ் கதையை எடுத்தாண்ட 'நரக இயந்திரம்' 1934இல், 'அழகியும் விலங்கும்' திரைப்படம் 1946இல் வந்தன. இவை எல்லாவற்றையும் அவர் கவிதை என்றுதான் வகைப்படுத்தினார். நாவல் கவிதை, நாடகக் கவிதை என்று பிரித்து, ஓவியங்களுக்கு 'வரைகலைக் கவிதை' என்று பெயர் வைத்தார். 1923இல் வெளியிட்ட ஓவியத் தொகுப்பைப் பிக்காசோவுக்குக் காணிக்கையாக்கியபோது, கவிஞர்கள் வரைவதில்லை, எழுத்தை அவிழ்த்து வேறுவிதமாக முடிச்சிடுகிறார்கள் என்று எழுதினார். இதை வெறும் அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கோடு கையெழுத்தைப் போலவே ஓடுகிறது. நெற்றியில் தொடங்கிய கோடு மூக்கு, உதடு, தாடை என்று பேனாவை அதிகம் தூக்காமல் இறங்கி வரும். நிழல் குறைவு, திருத்தம் குறைவு. பார்ப்பதற்கு எளிமையாக இருப்பதால் போலி செய்பவர்களுக்கும் அவர் மிகவும் பிடித்தமானவர்.

காலவரிசையைக் கொஞ்சம் கையில் வைத்திருந்தால் ஒரு தாளின் பொருளைப் பார்த்தே காலத்தை ஊகிக்க முடியும். 1911இல் ரஷ்ய பாலே குழுவுக்காக நடனக் கலைஞர்கள் நிஜின்ஸ்கி, கர்சாவினா ஆகியோரின் உருவங்களுடன் விளம்பரச் சுவரொட்டிகள் வரைந்தார். அபினிப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை எடுத்த நாட்களின் ஓவியங்கள் 1930இல் 'அபினி' நூலில் வந்தன. 1950இல் தென்கடற்கரையில், சேன்-ழான்-காப்-ஃபெராவிலுள்ள சாந்தோ சோஸ்பிர் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கப் போனவர், அதன் சுவர்களுக்கெல்லாம் 'பச்சை குத்திவிட்டார்'. அவரே பயன்படுத்திய சொல் அது. 1955இல் பிரெஞ்சு அகாதெமியில் இடம் கிடைத்தது. வில்ஃபிரான்ஷ் மீனவர்களின் புனித பேதுரு சிற்றாலயத்தை 1957இல் வரைந்து முடித்தார். மாந்தோன் நகரமன்றத்தின் திருமணக் கூடமும் அந்தக் காலத்துப் பணிதான். காளைச் சண்டையைப் பற்றிய அவர் நூலும் 1957இல் வந்தது. 1961இல் அவர் வரைந்த மரியான் (பிரெஞ்சுக் குடியரசைக் குறிக்கும் பெண்ணுருவம்) முகம் பிரெஞ்சு அஞ்சல் தலையாகவே வெளிவந்தது. சந்தையில் நீங்கள் பார்க்கப்போகும் கையொப்பமிட்ட லித்தோக்களில் பெரும்பங்கு இந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளைச் சேர்ந்தது. ஓர்ஃபேயின் பக்கவாட்டு முகம், ஆட்டுக்கொம்பு முளைத்த வனதேவன், காளை, மத்தியதரைக் கடல் மீனவர், கோமாளி ஆகியவை அந்தக் காலத்தில் அவர் திரும்பத் திரும்ப வரைந்த உருவங்கள்.

இரண்டாம் படி: கல் எப்படி அச்சிடுகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். தாண்டினால் பின்னால் வரும் எதுவும் பிடிபடாது.

1790களின் கடைசியில் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. நம் ஊரில் இதைக் கல்லச்சு என்றார்கள். சோல்ன்ஹோஃபென் பகுதியில் வெட்டப்படும் நுண்துகள் சுண்ணாம்புக்கல்லை மட்டமாகத் தேய்த்து, அதன்மேல் கொழுப்பு கலந்த பென்சிலாலோ மையாலோ கலைஞர் வரைவார். பிறகு அரபிக் கோந்தும் சிறிதளவு நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். வரைந்த இடம் கொழுப்பை ஏற்கும், வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால் மை கோடுகளில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் அச்சு தயார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வேண்டும். கல்லுக்குப் பதிலாகத் துத்தநாகத் தகடும் பயன்படும்.

கல்லில் நேரடியாக வரைந்தால் அச்சு இடவலம் மாறி விழும். எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: பூச்சிட்ட மாற்றுத் தாளில் சாதாரணமாக வரைந்து, அந்தத் தாளைக் கல்மேல் அழுத்தி ஓவியத்தை இறக்குவது. அப்போது அச்சு நேராகவே வரும். கையெழுத்தின் வேகத்தில் வரைபவருக்கு இதைவிட வசதி கிடையாது. வரைந்ததோடு பெயரையும் போட்டால் அந்தப் பெயரும் எல்லாப் பிரதிகளிலும் அச்சாகிவிடும். இதைத்தான் 'கல்லில் கையொப்பம்' என்கிறார்கள். நூறு பிரதி அச்சிட்டால் நூற்றிலும் அது இருக்கும். அதனால் அந்தக் கையொப்பம் தாளின் மதிப்பை உயர்த்துவதில்லை.

இன்னொரு இடைநிலையும் உண்டு. பாரிஸில் ஷப்ரோல் தெருவிலிருந்த மூர்லோ அச்சகம் இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற லித்தோ பட்டறை. பிக்காசோ 1945 முதல் அங்கே வேலை செய்தார். கொக்தோவின் அச்சுகளும் அங்கே உருவாயின. அங்கிருந்த தேர்ந்த கைவினைஞர்கள் ஓவியரின் மூலத்தைப் பார்த்து, நிறம் நிறமாகக் கல்லில் மறுபடி வரைந்து தருவார்கள். சுவரொட்டிகளுக்கு இந்த முறை சாதாரணம். அது உண்மையான லித்தோதான், கையால் வரைந்ததுதான், ஆனால் கை கொக்தோவுடையது அல்ல. நேர்மையான பட்டியல்கள் இதை 'தாப்ரே' என்று குறிக்கும். 'இவருடைய ஓவியத்தைப் பின்பற்றி' என்று பொருள். அப்படிப்பட்ட தாள் அழகில் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். விலையில் குறைந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பிரெஞ்சு வரிச் சட்டம் 'மூல அச்சு' என்பதைக் கறாராக வரையறுக்கிறது. கலைஞரே முழுக்கக் கையால் உருவாக்கிய கல்லிலிருந்தோ தகட்டிலிருந்தோ நேரடியாக, குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டிருக்க வேண்டும். இயந்திர முறையோ ஒளிப்பட முறையோ கலக்கக் கூடாது. வாங்கும் தாள் இந்த வரையறைக்குள் வருகிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலை அவர் எந்தச் சொற்களில் தருகிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

தேவையான கருவிகள் சொற்பம். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி, ஒரு டார்ச் விளக்கு, அளவு நாடா. புற ஊதா விளக்கு இருந்தால் நல்லது.

படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அச்சைப் பற்றி யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பவர் மறுத்தால் வாங்காமல் வந்துவிடுவதே மேல்.

உருப்பெருக்கியை நிறப்பரப்பின்மேல் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வட்ட வட்ட வரிசைகளாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். கல்லில் தேய்த்த பென்சிலின் தடம் ஒழுங்கற்றது. மணல் சிதறியதுபோல் பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் விழுந்த இடத்தில் இரண்டு மைகளும் பரப்பாகவே கலந்திருக்கும்.

பெரும்பாலான வழிகாட்டிகள் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. கொக்தோ விஷயத்தில் இந்தச் சோதனை பாதிதான் உதவும். அவருடைய பல தாள்கள் வெறும் கோட்டுச் சித்திரங்கள். ஒரே நிறக் கோட்டை ஒளிப்பட முறையில் நகலெடுக்கும்போது புள்ளித்திரை தேவைப்படாது. கோடு முழு மையாகவே அச்சாகும். ஆகவே புள்ளி இருந்தால் நகல் என்று சொல்லலாமே தவிர, புள்ளி இல்லை என்பதால் மூலம் என்று சொல்லிவிட முடியாது. கோட்டோவியம் என்றால் உருப்பெருக்கியை நம்பி முடிவெடுக்காதீர்கள். தாளும் பதிப்பு விவரமும்தான் அங்கே பேச வேண்டும்.

படத்தைச் சுற்றிச் செவ்வகமாகத் தாள் உள்ளமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பள்ளம் செப்புத்தகட்டு அச்சுக்கு உரியது. லித்தோவுக்கு அது வராது. லித்தோ என்று சொல்லிவிற்கும் தாளில் அது இருந்தால் விவரிப்பு தவறு, அல்லது யாரோ அழகுக்காகச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆர்ஷ், ரீவ் போன்ற ஆலைகளின் நீர்க்குறி தெரியலாம். பதிப்பு விவரத்தில் ஆர்ஷ் என்றிருந்து நீர்க்குறி தெரியவில்லையென்றால் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய தாளை வெட்டும்போது குறி வேறு துண்டுக்குப் போயிருக்கலாம். ரீவ் என்றிருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஷ் என்று தெரிந்தால் அப்போது கவலைப்படுங்கள். ஓரங்களை அளந்து, பதிப்பு விவரத்திலுள்ள தாளளவோடு ஒப்பிடுங்கள். சட்டத்துக்குள் நுழைப்பதற்காக ஓரத்தை வெட்டிய தாள்கள் ஏராளம். வெட்டினால் மதிப்பு இறங்கும். சில சமயம் ஓரத்தோடு அச்சகத்தின் பெயரும் 'நகல்' என்ற குறிப்பும் போய்விட்டிருக்கும். அதற்காகவே வெட்டுபவர்களும் உண்டு.

புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் செயற்கை வெளுப்பூட்டி இருக்கிறது. 1920களின் தாள் என்று சொல்லப்படுவது அப்படி ஒளிர்ந்தால் கதை முடிந்தது. 1960ஐ ஒட்டிய தாளுக்கு இந்தச் சோதனை பெரிதாக எதையும் சொல்லாது. அந்தக் காலத்தில் வெளுப்பூட்டிகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

நான்காம் படி: இது எங்கிருந்து வந்த தாள்?

எனக்குத் தெரிந்து புதியவர்கள் முழுக்கக் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கொக்தோ பெயரில் தனித்தாளாக விற்கப்படுபவை மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றன. தனி அச்சாகவே வெளியிடப்பட்டவை ஒன்று. படங்கள் கொண்ட சிறப்பு நூல்களிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் பிரித்தெடுத்தவை இரண்டாவது. கண்காட்சி, விழாச் சுவரொட்டிகள் மூன்றாவது.

நூலிலிருந்து வந்த தாள்தான் மிகவும் சுவாரசியமானது. பிரெஞ்சுச் சிறப்புப் பதிப்புகளின் முன்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ 'பதிப்புச் சான்று' ஒன்று அச்சிட்டிருப்பார்கள். மொத்தம் எத்தனை பிரதி, ஜப்பானியத் தாளில் எத்தனை, ஆர்ஷ் தாளில் எத்தனை, எந்த அச்சகம், எந்த மாதம், கையொப்பம் எங்கே இருக்கும் என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். பல நூல்களில் ஆசிரியர் அந்தச் சான்றுப் பக்கத்தில் மட்டும் கையொப்பமிடுவார். உள்ளேயுள்ள படங்களில் போடமாட்டார். அப்படிப்பட்ட நூலிலிருந்து பிரித்த படத்தில் பென்சிலில் 'ழான் கொக்தோ' என்றிருந்தால் என்ன பொருள்? நண்பர் ஒருவர் நூலை நீட்டி அந்தப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கலாம். பிற்காலத்தில் வேறு யாரோ போட்டிருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்; முதலாவதை நிறுவுவது விற்பவரின் வேலை.

ஆகவே, விற்பவரிடம் கேளுங்கள்: தாள் எந்த நூலைச் சேர்ந்தது, வெளியிட்டவர் யார், ஆண்டு என்ன? விடை கிடைத்ததும் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் பட்டியலிலோ பழைய நூல் விற்பவர்களின் விவரிப்புகளிலோ அந்த நூலைத் தேடுங்கள். பதிப்புச் சான்றின் வாசகத்தை அங்கே பெரும்பாலும் காணலாம். நடுவில் மடிப்பு, ஒரு பக்க ஓரத்தில் தையல் துளை, பின்பக்கத்தில் உரை, இவற்றில் எது தெரிந்தாலும் அது நூல் தாள்.

சுவரொட்டிகளில் வேறொரு நுணுக்கம். ஒரே ஓவியத்தை இரு விதமாக அச்சிடுவது வழக்கம். கண்காட்சியின் பெயரும் தேதியும் சேர்த்து, சுவரில் ஒட்டுவதற்காகப் பெரிய எண்ணிக்கையில் ஒன்று. எழுத்து சேர்ப்பதற்கு முன், நல்ல தாளில், எண்ணிட்டுக் கையொப்பமிட்ட சிறு பதிப்பு இன்னொன்று. முன்னதன் எழுத்துப் பகுதியை வெட்டிவிட்டால் பின்னதைப்போல் காட்சி தரும். தாளின் தடிமனும் கீழ் ஓரத்தின் உயரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. 84/150 என்றால் நூற்றைம்பதில் எண்பத்து நான்காவது. அச்சான வரிசை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறிய எண் உயர்ந்தது என்பது கடைக்காரர் பேச்சு. 'ஈ.ஏ.' என்பது கலைஞர் பிரதி, 'எச்.சி.' என்பது விற்பனைக்கு அல்லாத பிரதி. ரோமன் எண்கள் பெரும்பாலும் வேறு தாளில் அச்சிட்ட தனி வரிசையைக் குறிக்கும். எண்ணை எழுதியவர் பதிப்பாளராகவோ அச்சகத்தாராகவோ இருப்பது சகஜம். எனவே எண்ணின் கையெழுத்தும் கையொப்பமும் வேறுபட்டால் பதற வேண்டாம்.

ஐந்தாம் படி: இப்போது கையொப்பம்

முதலில் அது அச்சா, பென்சிலா என்று தீர்மானியுங்கள். டார்ச்சைத் தாளுக்கு இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். பென்சில் கரி சாய்ந்த ஒளியில் லேசாக மின்னும். அழுத்தத்தால் தாளில் மெல்லிய பள்ளம் தெரியும். அச்சு மை மின்னாது, பள்ளமும் இருக்காது. அழிப்பானால் தேய்த்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் தாளை வையுங்கள்.

பென்சில்தான் என்று தெரிந்தபின் கை யாருடையது? கொக்தோவின் கையொப்பத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அந்த ஐந்துமுனை நட்சத்திரம். பெயருக்குப் பக்கத்தில் ஒரே இழுப்பில் போட்ட சிறு நட்சத்திரம். நெருங்கியவர்களுக்கு வெறும் 'ழான்' என்று எழுதி நட்சத்திரத்தோடு முடிப்பார். எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் என்பதாலேயே அதற்குச் சான்று மதிப்பு கிடையாது. போலி செய்பவர் முதலில் பழகுவது அதைத்தான்.

ஒப்பிடுவதற்குத் தேதி உறுதியான கையெழுத்துகளைத் தேடுங்கள்: கடிதங்கள், நூல் காணிக்கைகள், அருங்காட்சியகங்களில் உள்ள தாள்கள். மாந்தோனில் கடற்கரைக் கோட்டையில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1966இல் திறக்கப்பட்டது. செவெரின் வுண்டர்மேன் என்ற சேகரிப்பாளர் கொடையளித்த பெருந்தொகுப்புக்காகவே 2011இல் அதே ஊரில் இன்னொரு கட்டடம் எழுந்தது. 2018இல் கடல் புயலில் வெள்ளம் புகுந்து சேதமுற்றது. இந்தத் தொகுப்புகளின் படங்கள் அச்சில் நிறைய வந்திருக்கின்றன. தாள் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்ததோ அதே பத்தாண்டின் கையொப்பத்தோடு ஒப்பிடுங்கள். 1925இன் கையும் 1960இன் கையும் ஒன்றாக இராது. 1954இல் அவருக்கு மாரடைப்பு வந்தது, 1963 ஏப்ரலில் மறுபடியும். கடைசி மாதங்களின் எழுத்தை இளமைக்கால எழுத்தோடு பொருத்திப் பார்ப்பது வீண்.

எழுத்தின் உருவத்தைவிட ஓட்டத்தைக் கவனியுங்கள். பெயரை ஆயிரக்கணக்கான முறை எழுதியவரின் கை தயங்காது. தொடக்கத்தில் மெல்லியதாகவும் வளைவில் அழுத்தமாகவும் இறுதியில் காற்றில் விட்டதுபோலவும் கோடு முடியும். பார்த்து எழுதியவரின் கோட்டில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும், வளைவுகளில் நின்று நின்று போன தடம் தெரியும், முனைகள் மழுங்கியிருக்கும். உருப்பெருக்கியில் இது நன்றாகத் தெரியும்.

மிகவும் ஆபத்தான வகை எது என்று கேட்டால், உண்மையான தாளில் பொய்யான கையொப்பம் என்பேன். தாள், மை, அச்சகம் எல்லாம் சரியாக இருக்கும். பெயர் மட்டும் பின்னால் சேர்ந்தது. கையொப்பமில்லாத தாளுக்கும் கையொப்பமிட்ட தாளுக்கும் உள்ள விலை இடைவெளிதான் இதற்குக் காரணம். இந்த வகையைக் கண்ணால் மட்டும் பிடிப்பது தேர்ந்தவருக்கும் கடினம். நான்காம் படியில் சேர்த்த பதிப்புச் சான்றுதான் இங்கே காப்பாற்றும்.

இறப்புக்குப் பின் வந்த பதிப்புகளில் வாரிசுத் தரப்பின் முத்திரையோ, அவருடைய வாரிசான எடுவார் டெர்மித்தின் கையொப்பமோ இருக்கலாம். அது மோசடி ஆகாது. விவரிப்பில் அப்படியே சொல்லப்பட்டு, விலையும் அதற்கேற்ப இருந்தால் தாராளமாக வாங்கலாம். சுவரில் மாட்டிப் பார்த்து மகிழ்வதுதான் நோக்கம் என்றால், குறைந்த விலையில் கிடைக்கும் இந்தத் தாள்களையே நான் பரிந்துரைப்பேன்.

ஆறாம் படி: விற்பவரின் சொற்களும் காகிதங்களும்

பிரான்ஸில் 1981 மார்ச் 3 தேதியிட்ட ஆணை ஒன்று கலைப்பொருள் விற்பனையில் எந்தச் சொல்லுக்கு என்ன உத்தரவாதம் என்று வகுத்திருக்கிறது. எந்த நிபந்தனையும் சேர்க்காமல் கலைஞர் பெயரைப் போட்டால் அவரே படைத்தவர் என்று உத்தரவாதம் தருவதாகப் பொருள். 'அவருடையதாகக் கருதப்படுவது', 'பட்டறை', 'பாணி' என்று சொற்கள் மாற மாற உத்தரவாதமும் கரைந்துகொண்டே போகும். அந்த ஆணைக்குப் பின் செய்யப்பட்ட நகல்களில் 'நகல்' என்ற குறிப்பு அழியாதபடி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே பட்டியலை மூலமொழியில் படியுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி இந்த நுண்ணிய வேறுபாடுகளை எல்லாம் ஒரே சொல்லாக அரைத்துவிடுகிறது.

தங்க முத்திரை ஒட்டிய 'உண்மைச் சான்றிதழ்' பலரை மயக்கும். கடைக்காரரே அச்சடித்துக்கொடுக்கும் அந்தக் காகிதம் அவருடைய வாக்குறுதி, வேறெதுவும் இல்லை. கொக்தோவுக்கென்று பாரிஸில் ஒரு கமிட்டி இருக்கிறது. அதன் சான்றிதழ் உள்ளதாக ஏலப் பட்டியல்கள் குறிப்பிடும்போது அதற்கு எடை அதிகம். அதைவிடவும் எனக்குப் பிடித்தது பழைய விலைச்சீட்டு: கடையின் பெயர், தேதி, தாளின் விவரம் எல்லாம் உள்ள சாதாரண ரசீது. மறுவிற்பனையில் அதுதான் பேசும்.

வாங்குவதற்கு முன் தாளின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கையொப்பம், எண் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும்: ஒட்டுநாடா, கறை, அட்டையில் ஒட்டிய பசை.

ஏழாம் படி: பணம்

ஏல அறையில் சுத்தியல் விழும் விலை நீங்கள் தரும் விலை ஆகாது. வாங்குபவர் கட்டணம் அதன்மேல் சேரும். உதாரணமாகச் சுத்தியல் விலை 600 யூரோ, கட்டணம் 28 சதவீதம் என்றால் 168 யூரோ கூடி 768 ஆகும். பொதிகட்டும் செலவு, அனுப்பும் செலவு, காப்பீடு தனி. உச்ச வரம்பை இந்த மொத்தத் தொகையில் நிர்ணயித்து, பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்தச் சுத்தியல் விலையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாண்டாதீர்கள். இதே பதிப்பின் வேறு பிரதி இன்னொரு நாள் வரும். நூற்றைம்பது பிரதி அச்சிட்டதன் பயனே அதுதான்.

கலைஞர் இறந்து 70 ஆண்டுகள்வரை மறுவிற்பனையில் ஒரு பங்கு வாரிசுத் தரப்புக்குப் போகும். கொக்தோவுக்கு இது 2033 இறுதிவரை பொருந்தும். பிரான்ஸில் 750 யூரோவுக்கு மேற்பட்ட விற்பனைக்குத்தான் இந்த உரிமை. 50,000 யூரோவரை விகிதம் 4 சதவீதம். சட்டப்படி விற்பவர் தர வேண்டியது. ஆனால் சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் அதை வாங்குபவர் தலையில் வைக்கின்றன. விற்பனை நிபந்தனைகளைப் படித்துவிட்டு விலை கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கத்தில் பொருளின் வகை எண் முக்கியம். கலைஞர் கைப்பட உருவாக்கிய மூல அச்சுகளுக்கு 9702, சாதாரண அச்சுப் படங்களுக்கு 4911. விலைச்சீட்டில் 'மூல லித்தோகிராஃப்' என்றும் கலைஞர் பெயரும் ஆண்டும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். 'மூல' என்ற சொல்லை எழுதத் தயங்குபவர் தாம் விற்பது எது என்பதை உங்களிடம் சொல்லிவிட்டார்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

சட்டமிடும் கடையில் தாளை அட்டையில் ஒட்ட விடாதீர்கள். வெப்ப அழுத்தத்தால் ஒட்டுவது, ஒட்டுநாடா, பசைக்குச்சி எதுவும் வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றும் மாவுப்பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். பின்னட்டையும் முன் சாளர அட்டையும் அமிலமற்றவையாக இருக்கட்டும். பழைய சட்டத்தில் வந்த படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு தெரிந்தால் அது அமில அட்டை விட்டுப்போன தீக்காயம். சாளர அட்டை இல்லாமல் கண்ணாடி நேரடியாகத் தாளைத் தொடக் கூடாது. ஓரம் நீளமாக இருக்கிறது என்று கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடி, 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளி, 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் ஆகியவை அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவுகள். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அந்த அளவில் நிற்காது; வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் பின்புறம் காற்றுப் போக நான்கு மூலையிலும் சிறு தக்கை வைத்தால் பூஞ்சையும் பழுப்புப் புள்ளிகளும் தாமதப்படும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்துக்குள் போகும் முன் தாளின் இருபக்கத்தையும் நீர்க்குறியையும் படமெடுத்து, தாளளவு, படத்தின் அளவு, எண், வாங்கிய இடம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி விலைச்சீட்டோடு உறையில் போடுங்கள். உறையைச் சட்டத்தின் பின்புறம் ஒட்ட வேண்டாம். படம் கைமாறும்போது உறையிலுள்ள காகிதங்களின் நகலைக் கொடுத்துவிட்டு, பேசி முடித்த பிறகு மூலக் காகிதங்களைத் தரலாம்.